தும்பியை எடுத்த லென்ஸ் விண்மீனை எடுக்குமா?

1882 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு பெரும் வால்மீன் தோன்றியது. அங்கிருந்த அரச வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில்லிடம் தொலைநோக்கிகள் இருந்தன. ஆனால் அகன்று விரிந்த அந்த வாலை ஒரே படத்தில் அடக்கும் கேமரா இல்லை. உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரிடம் அப்படியொரு கேமரா இருந்தது. அதைக் கொண்டுவந்து தொலைநோக்கியின் மேல் கட்டினார்கள். தொலைநோக்கி வானின் நகர்வைப் பின்தொடர, கேமராவும் கூடவே திரும்பியது. தட்டுகளைக் கழுவிப் பார்த்தபோது வால்மீன் அழகாகவே விழுந்திருந்தது. கில்லின் கண் நிலைத்ததோ அதன் பின்னணியில்தான். வாலைச் சுற்றியும் வாலின் ஊடேயும் ஏராளமான விண்மீன்கள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன.

வானத்தையே புகைப்படத்தால் அளந்துவிடலாம் என்ற எண்ணம் கில்லுக்கு அங்கே பிறந்தது. அவர் முனையில் தட்டுகளை எடுத்தார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் யாக்கோபஸ் காப்டைன் அவற்றை அளந்தார். 4,54,875 விண்மீன்கள் அடங்கிய தென்வானப் பட்டியல் அப்படித்தான் உருவானது.

அமெரிக்காவின் எட்வர்டு எமர்சன் பர்னார்டும் இந்த வழியில் வந்தவர். நாஷ்வில் நகரத்து ஏழைச் சிறுவன். ஒன்பது வயதில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்கும் ராட்சதக் கருவி ஒன்று எப்போதும் சூரியனையே பார்த்திருக்கும்படி கையால் திருப்பிக்கொண்டிருப்பதே அவருக்கு வேலை. பின்னாளில் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில், ஸ்டுடியோவில் முகங்களை எடுத்துப் பழைய சரக்காகிவிட்ட வில்லார்டு லென்ஸ் ஒன்றை வைத்து 1889-ல் பால்வீதியைப் படமெடுத்தார். விண்மீன் மேகங்களும் அவற்றுக்கு நடுவே இருண்ட பள்ளங்களும் அதுவரை யாரும் பார்த்திராத தெளிவோடு தட்டில் விழுந்தன. 1892 அக்டோபரில் அதே லென்ஸின் தட்டில் ஒரு புதிய வால்மீனும் அகப்பட்டது. புகைப்படம் வழியே கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீன் அதுதான்.

ஆக, வேறு வேலைக்கென்று செய்த லென்ஸை வானத்துக்குத் திருப்புவது வானியலில் பழைய வழக்கம். இன்று அந்த இடத்தில் பலர் கையில் இருப்பது மேக்ரோ லென்ஸ். பூவின் மகரந்தம், எறும்பின் கொடுக்கு, தும்பியின் கூட்டுக்கண் ஆகியவற்றை எடுப்பதற்காக வாங்கிய 90, 100 அல்லது 105 மி.மீ. லென்ஸ், பெரும்பாலும் எஃப்/2.8 துளை கொண்டது. தொலைநோக்கி வாங்கப் பணம் இல்லாதவர் இரவில் அதை வானத்தை நோக்கித் திருப்பினால் என்ன கிடைக்கும்? விடை லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அதனால்தான் சோதனை வேண்டியிருக்கிறது. சோதனைக்கு முன், இந்த லென்ஸை வடித்தவர்கள் எதை மனதில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனம், பின்னாளில் நிக்கான் என்று பெயர் மாறியது, 1956-ல் மைக்ரோ-நிக்கோர் என்ற 5 செ.மீ. லென்ஸை வெளியிட்டது. பூச்சியையோ பூவையோ எடுக்க அல்ல. ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்குவதற்காக. நெருங்கிய கோடுகள் கொண்ட ஜப்பானியக் கான்ஜி எழுத்துகளைச் சின்னஞ்சிறு படச்சுருளில் கரையாமல் பதிப்பது ரோமன் எழுத்துகளைப் பதிப்பதைவிடக் கடினம். தாளின் நடுவில் உள்ள எழுத்தும் ஓரத்தில் உள்ள எழுத்தும் ஒரே கூர்மையில் விழ வேண்டும். நேர்கோடு நேராகவே நிற்க வேண்டும். தட்டையான தாளைத் தட்டையான படமாகவே தருவது என்ற அந்தக் குணம் மேக்ரோ லென்ஸ்களின் வடிவமைப்பில் இன்றுவரை தொடர்கிறது.

பர்னார்டு காலத்து உருவப்பட லென்ஸ்கள் இதற்கு நேர் எதிரானவை. அவற்றில் பெரும்பாலானவை யோசெஃப் பெட்ஸ்வால் 1840-ல் வகுத்த அமைப்பைப் பின்பற்றியவை. நிறைய வெளிச்சம் வாங்கும், நடுவில் கூர்மை அருமையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகப் படம் தட்டிலிருந்து விலகி வளைந்துவிடும். நடுவில் முகம் தெளிவாகவும் ஓரத்தில் திரைச்சீலை மங்கலாகவும் இருந்தால் உருவப்படத்துக்கு அது குறையே அல்ல. வானத்தில் திரைச்சீலை கிடையாது. மூலையில் இருப்பதும் விண்மீன்தான், அதுவும் புள்ளியாகத்தான் விழ வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மேக்ரோ லென்ஸ் பிறவியிலேயே வானத்துக்குப் பொருத்தமானது.

தூரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. 100 மி.மீ. மேக்ரோ ஒன்று, பொருளை அதன் உண்மை அளவிலேயே பதிப்பதற்குச் சென்சரிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் வேலை செய்கிறது. விண்மீனோ முடிவிலியில். ஒரு தொலைவுக்குப் பிழை நீக்கிய லென்ஸ் இன்னொரு தொலைவில் அதே அளவு சரியாக இருப்பதில்லை. கண்ணாடிகளுக்கிடையே ஒளி போகும் கோணங்கள் மாறிவிடுகின்றன. இதைச் சமாளிக்க, ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடித் தொகுதிகள் ஒன்றுக்கொன்று விலகியும் நெருங்கியும் நகரும் முறை வந்தது. நிக்கானின் 24 மி.மீ. லென்ஸில் 1967-ல் வந்த இந்த உத்தி பின்னர் மேக்ரோ லென்ஸ்களின் உயிர்நாடியானது. நல்ல தற்கால மேக்ரோக்கள் முடிவிலியிலும் கூர்மையாக இருப்பது இதனால்தான். எல்லா லென்ஸ்களும் அப்படி இல்லை. பழையவற்றிலும் மலிவானவற்றிலும் கிட்டப் பார்வைக்குக் கொடுத்த முன்னுரிமை தொலைவில் குறையாகத் தெரியும். கடையின் மாதிரிப் படங்களைப் பார்த்தோ, சில மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கோட்டட்டையை எடுத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

விண்மீனைவிடக் கறாரான தேர்வாளர் இல்லை என்று லென்ஸ் சோதிப்பவர்கள் நினைப்பதற்குக் காரணம் அளவு. வானில் பெரிதாகத் தோன்றும் விண்மீன்களில் ஒன்று திருவாதிரை. பூமியிலிருந்து பார்த்தால் அதன் விட்டம் சுமார் 0.05 வில்நொடி. 100 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சரில் 0.024 மைக்ரான் அகலத்தில் வரைய வேண்டும். பல கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திருவாதிரைக்கே இந்த நிலை என்றால் மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாமே இன்னும் சிறியவை. ஒளியின் அலைத்தன்மை மட்டும் அந்தப் புள்ளியைச் சற்று அகலமாக்கும். எஃப்/2.8-ல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் 3.8 மைக்ரான், அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு பிக்சல். குறையே இல்லாத லென்ஸ் விண்மீனை இவ்வளவில்தான் வைக்கும். இதற்கு மேல் விண்மீன் எவ்வளவு பருத்தாலும் அதற்கு யாரோ ஒருவர் பொறுப்பு: லென்ஸ், ஃபோகஸ் அல்லது கேமராவைத் திருப்பும் கருவி.

காற்றின் மேல் பழி போட இங்கே இடமில்லை. வளிமண்டலத்தின் நடுக்கம் விண்மீனைப் பொதுவாக ஒன்றிரண்டு வில்நொடி அளவுக்கு அகலமாக்கும். 100 மி.மீ. லென்ஸில் 4 மைக்ரான் பிக்சல் ஒன்றே 8 வில்நொடி வானத்தை அடக்கிவிடுகிறது. பெரிய தொலைநோக்கிக்காரர்கள் அஞ்சும் காற்று நடுக்கம் இந்த லென்ஸுக்குத் தெரியவே தெரியாது.

அஞ்ச வேண்டியது பூமியின் சுழற்சிக்குத்தான். வான நடுக்கோட்டில் உள்ள விண்மீன் ஒரு நொடியில் 15 வில்நொடி நகர்கிறது. அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். 500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நொடிகள் வரை கேமராவை அசையாமல் வைத்துப் படமெடுக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 100 மி.மீ. லென்ஸுக்கு அது 5 நொடி என்று வரும். அந்த 5 நொடியில் விண்மீன் 9 பிக்சல் நீளத்துக்குக் கோடு போட்டுவிடும். அப்படி இழுபட்ட விண்மீனை வைத்து லென்ஸைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. எனவே முக்காலியோடு, வானத்தைப் பின்தொடர்ந்து திரும்பும் டிராக்கர் ஒன்று தேவை. கையில் பிடிக்கும் அளவிலான மோட்டார் டிராக்கர்கள் இன்று கடையில் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹேக் 1970-களில் பரப்பிய கதவுக்கீல் டிராக்கரும் 100 மி.மீ. வரை நன்றாகவே உழைக்கும்: இரண்டு பலகை, ஒரு கீல், சீராகச் சுழற்ற ஒரு திருகு, அவ்வளவுதான்.

டிராக்கரின் அச்சு வான துருவத்தைப் பார்க்க வேண்டும். துருவ விண்மீன் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி இருக்கிறது. அச்சை அந்த விண்மீனை நோக்கியே வைத்துவிட்டால்கூட ஒரு நிமிடப் படத்தில் வரும் நகர்வு 10 வில்நொடி, ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பாகைக்குள் சரிசெய்துவிட்டால் இந்த நகர்வு சோதனையைக் கெடுக்காது. தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கன்னியாகுமரியில் 8 பாகை. மரமோ மூட்டமோ அதை மறைத்துவிடும். வடதிசை திறந்த இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது ஃபோகஸ். மேக்ரோ லென்ஸ் ஆளை உண்மையில் சோதிக்கும் கட்டம் இது.

முழு லென்ஸும் முன்னுக்கு நகரும் பழைய வகை 100 மி.மீ. மேக்ரோவை எடுத்துக்கொள்ளலாம். உண்மை அளவுப் படத்துக்கு அது 100 மி.மீ. முன்னே நீள வேண்டும். பத்து மீட்டரில் உள்ள பொருளுக்கு 1 மி.மீ. நீண்டால் போதும். நூறு மீட்டரில் உள்ள தெருவிளக்குக்கு 0.1 மி.மீ. அதாவது, பத்து மீட்டரிலிருந்து பேரண்டத்தின் எல்லை வரைக்குமான மொத்தத் தூரமும் ஃபோகஸ் வளையத்தின் கடைசி நூலிழைத் திருப்பத்தில் அடங்கியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்குள் தேவைப்படும் துல்லியமோ எஃப்/2.8-ல் நூறில் ஒரு மில்லிமீட்டர். தெருவிளக்கில் ஃபோகஸ் செய்துவிட்டு வானத்துக்குத் திருப்பினால் ஒவ்வொரு விண்மீனும் 9 பிக்சல் அகலத்துக்கு உப்பிவிடும். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விளக்கு என்றால் தேறும்.

அதைவிடப் பாதுகாப்பானது விண்மீனிலேயே ஃபோகஸ் செய்வது. சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீனைக் கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறியதாகும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து பார்ப்பது நல்லது. தாண்டிப் பார்க்காமல் அதுதான் உச்சம் என்று சொல்ல முடியாது. ரஷ்யாவின் பாவெல் பஹ்தினோவ் 2005-ல் வடிவமைத்த கீற்று மூடி இதை எளிதாக்குகிறது. லென்ஸின் முன் மாட்டினால் விண்மீனிலிருந்து மூன்று கதிர்கள் கிளம்பும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவே வந்தால் ஃபோகஸ் அமைந்துவிட்டது. பெரிய தொலைநோக்கிக்கான மூடியை வெட்டிப் பொருத்தினால் பயனில்லை. 100 மி.மீ. குவியத் தூரத்துக்கு ஏற்ற நெருக்கமான கீற்றுகள் வேண்டும்.

பிடித்த ஃபோகஸைக் காப்பாற்றுவது தனி வேலை. கேமரா உச்சிவானைப் பார்க்கும்போது, கனமான கண்ணாடித் தொகுதி தன் எடையாலேயே மெல்லச் சறுக்கலாம். வளையத்தை ஒட்டுநாடாவால் கட்டிவிட வேண்டும். மின்மோட்டாரால் நகரும் புது வகை லென்ஸ்களில், கேமராவை அணைத்து எழுப்பினால் ஃபோகஸ் வேறிடத்தில் நிற்பதும் உண்டு. வெப்பநிலையும் விடாது. 100 மி.மீ. நீள அலுமினியக் குழாய் 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் 0.023 மி.மீ. சுருங்கும். லென்ஸ் பொறுத்துக்கொள்ளும் அளவைப்போல இது இரண்டு மடங்கு. லென்ஸை அரை மணி நேரமாவது வெளியே வைத்துக் குளிரவிட்டுச் சோதனையைத் தொடங்க வேண்டும். இரவு நடுவே மறுபடியும் ஃபோகஸைப் பார்க்க வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதி லென்ஸில் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். அசையாத கேமராவில் அது வீணாக அலைந்து விண்மீனைக் கலைக்கும்.

சோதனை வானமாகப் பால்வீதியில் விண்மீன் அடர்ந்த பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வசதி. நான்கு மூலைகளிலும் விண்மீன்கள் தாமாகவே வந்து விழும். 30 நொடியோ ஒரு நிமிடமோ கொண்ட படங்களை எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6 ஆகிய துளைகளில் வரிசையாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தால்தான், காற்று ஆட்டிய படத்தை லென்ஸின் குறை என்று எண்ணி ஏமாறாமல் இருக்கலாம். பிறகு கணினியில் நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சிரில் என்ற இலவச மென்பொருள் இதற்குக் கைகொடுக்கும். விண்மீன்களின் அகலத்தை நிறவாரியாக அளந்து சொல்லும்.

மூலைகளில் தெரிவதுதான் லென்ஸின் ஜாதகம்.

எல்லா மூலைகளிலும் விண்மீன்கள் ஒரே திசையில் நீண்டிருந்தால் லென்ஸைத் திட்ட வேண்டாம், டிராக்கர் தவறியிருக்கிறது. ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால் அச்சு துருவத்தை விட்டு விலகியிருக்கிறது. நடுவிலிருந்து வெளியே விரிந்து, மூலைக்கு மூலை திசை மாறி, இறக்கை விரித்த பறவைகளைப்போல விண்மீன்கள் தோன்றினால் அது கோமா என்ற பிறழ்ச்சி; லென்ஸின் ஓரம் வழியே வந்த ஒளி நடு வழியே வந்த ஒளியோடு ஒரே இடத்தில் சேரவில்லை என்று பொருள். விண்மீன் சிறு கோடாகி, ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தும்போது கோட்டின் திசை 90 பாகை திரும்பினால் அது ஆஸ்டிக்மாட்டிசம். மூலை விண்மீன்கள் வட்டமாகவே உப்பி, ஃபோகஸை மூலைக்காக மாற்றியதும் அங்கே கூர்மையாகி நடுவில் உப்பினால் அது புல வளைவு. தாளைத் தட்டையாகப் பதிக்கப் பிறந்த மேக்ரோவில் புல வளைவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கோமாவும் ஆஸ்டிக்மாட்டிசமும் துளையைச் சுருக்கும்போது எவ்வளவு வேகமாக மறைகின்றன என்பதுதான் ஒரு நல்ல லென்ஸையும் சுமாரான லென்ஸையும் பிரித்துக் காட்டும்.

மூன்று மூலைகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால்? உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கிறது. கேமராவை 180 பாகை திருப்பி மீண்டும் எடுத்தாலும் படத்தில் அதே மூலை கெட்டிருந்தால் சந்தேகம் உறுதியாகும். பகல் படங்களில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் இந்தக் குறையை விண்மீன்கள் ஒரே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகை நிறுவனம் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே மாதிரியைச் சேர்ந்த பல லென்ஸ்களை ஒளியியல் மேசையில் அளந்து, பிரதிக்குப் பிரதி எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைத் தொடர்ந்து வெளியிட்டுவந்தார். ஒரு மாதிரியைப் பற்றி ஒருவர் சொன்ன தீர்ப்பு இன்னொருவர் பையில் உள்ள பிரதிக்குப் பொருந்த வேண்டியதில்லை. புது லென்ஸ் என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு தெளிந்த இரவாவது கிடைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாங்குவது இந்த வகையில் நல்லதல்ல.

நிறத்தின் சோதனை தனி. வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு தொலைவில் குவியும்போது விண்மீனைச் சுற்றி நீலமோ ஊதாவோ ஒளிவட்டம் எழும். இதைப் பார்க்கக் கார்த்திகைக் கூட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. வெப்பம் மிகுந்த நீல விண்மீன்கள் நெருக்கமாக அங்கே நிற்கின்றன. செந்நிறத்துக்குக் கேட்டை. இரண்டும் ஒரே விண்மீன் குழுவில் வேண்டுமென்றால், சிவந்த திருவாதிரையையும் நீலம் பூத்த ரைகலையும் தாங்கிய ஓரியன் போதும். திரையில் வெண்புள்ளியாகத் தெரிவதை நம்பாமல், படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துத் தனித்தனியே அளக்க வேண்டும். பச்சையில் 2 பிக்சலும் நீலத்தில் 5 பிக்சலும் வந்தால் ஒளிவட்டம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். ஃபோகஸை ஒரு மயிரிழை நகர்த்தி மூன்றுக்கும் பொதுவான இடத்தைத் தேடுவது அனுபவசாலிகளின் வழி. சிவப்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. விண்முகில்களின் செந்நிறம் ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரணக் கேமராக்களில் சென்சருக்கு முன்னுள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே குதிரைத்தலை விண்முகில் மங்கலாக வந்தால், லென்ஸைக் குறை சொல்லும் முன் கேமராவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேக்ரோக்களுக்கு இந்தத் தேர்வில் பொதுவாக நல்ல மதிப்பெண் கிடைக்கும். பூவிதழின் விளிம்பில் ஊதாக் கோடு விழக்கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர்கள் பட்ட பாடு விண்மீனிலும் பலன் தருகிறது.

துளையைச் சுருக்கினால் பிறழ்ச்சிகள் அடங்கும். பதிலுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று வெளிச்சம்: எஃப்/2.8-லிருந்து எஃப்/4-க்குப் போனால் பாதியாகிவிடும். இன்னொன்று கதிர்கள். துளையை உருவாக்கும் தகடுகளின் விளிம்பு ஒவ்வொரு பிரகாசமான விண்மீனிலிருந்தும் முள்ளாக ஒளியை நீட்டும். தகடுகள் ஒன்பது என்றால் 18 முட்கள். இரட்டைப்படை எண்ணிக்கை என்றால் தகட்டுக்கு ஒன்று. சிலருக்கு இது அழகு. விண்மீன் மண்டிய படத்தில் பெரும்பாலும் இரைச்சல். லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைத்துவிட்டு, 25 மி.மீ. வட்டத் துளையிட்ட அட்டையை முன்னால் பொருத்தினால் 100 மி.மீ. லென்ஸ் எஃப்/4 ஆகிவிடும், முட்கள் இருக்காது. மூலைகள் சற்றுக் கூடுதலாக இருளும். அதைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

இத்தனை சோதனைக்குப் பிறகும் மேக்ரோ லென்ஸின் ஒரு குறை தீராது. அது வெளிச்சத்தில் ஏழை. 100 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் ஒளி வாங்கும் வாய் 36 மி.மீ. விட்டம்தான். வானப் படக்காரர்கள் கொண்டாடும், 2015-ல் வெளிவந்த சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸின் வாய் 67 மி.மீ.; பரப்பில் மூன்றரை மடங்கு. ஒரு மங்கலான விண்முகிலின் பரப்பை அதே அளவுக்குப் பதிக்க, சாம்யாங்குக்கு ஒரு மணி நேரம் என்றால் மேக்ரோவுக்கு இரண்டு மணி நேரம். விண்மீன்களுக்காக மட்டும் ஒரு லென்ஸ் வாங்க நினைப்பவர் மேக்ரோவை வாங்குவதில் நியாயமில்லை. ஏற்கெனவே பையில் மேக்ரோ இருப்பவர், அதைச் சோதித்துப் பார்க்காமல் இன்னொன்றை வாங்குவதிலும் நியாயமில்லை.

சிறிய வாய் என்று அலட்சியப்படுத்துபவர்களுக்கு நவீன வானியலிலேயே பதில் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வான் டொக்கும், டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டோ ஆபிரகாம் ஆகிய இருவரும் சேர்ந்து, கடையில் கிடைக்கும் கேனான் 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்களை ஒரே திசையில் கட்டி ‘டிராகன்ஃப்ளை’ என்ற தொலைநோக்கியை உருவாக்கினார்கள். பெயர் சும்மா வைத்ததல்ல. வான் டொக்கும் தும்பிகளைக் கிட்டத்திலிருந்து படமெடுப்பதில் தேர்ந்தவர். அந்தப் படங்களைப் புத்தகமாகவே வெளியிட்டவர். அவர்களுக்குப் பிடித்துப்போனது அந்த லென்ஸின் பூச்சு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய நுண்கூம்புகள் கண்ணாடியின் மேல் ஒளி தெறித்துச் சிதறுவதைக் கடுமையாகக் குறைத்தன. குழியாடி வைத்த பெரிய தொலைநோக்கிகளில் சிதறிய ஒளி மங்கலான பொருள்களை மூழ்கடித்துவிடும்; இங்கே அப்படி நடக்கவில்லை. எட்டு லென்ஸ்கள் மட்டுமே இருந்த காலத்தில், 2015-ல் வெளியான ஆய்வில், மிகப் பரந்து, மிக மங்கிக் கிடந்த 47 விண்மீன்திரள்களை அவர்கள் காட்டினார்கள். பின்னர் லென்ஸ்களின் எண்ணிக்கை 48 ஆனது. புறக்கோள்களைத் தேடிய சூப்பர்வாஸ்ப் திட்டமும் கேனானின் 200 மி.மீ. லென்ஸ்களைத்தான் வானத்துக்குத் திருப்பி வைத்திருந்தது.

தெறிக்கும் ஒளியைத் தனி லென்ஸிலும் சோதிக்கலாம். சிரியஸையோ நிலவையோ படத்தின் சற்று வெளியே வைத்து எடுத்தால், உள்ளே எங்கேனும் ஒளித் திட்டுகளோ வளையங்களோ முளைக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பழைய 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் போன்றவற்றில் முன்கண்ணாடி குழாயின் ஆழத்தில் பதுங்கியிருக்கிறது. பக்கத்து ஒளியையும் பனியையும் அதுவே ஓரளவு தடுக்கும். மற்றவற்றுக்கு மூடுகுழல் மாட்டுவது கட்டாயம். பனி படிந்த கண்ணாடி காட்டும் ஒளிவட்டத்தை லென்ஸின் பிறழ்ச்சி என்று எண்ணிக் குழம்புவது சோதிப்பவர்களிடையே சகஜம்.

தேர்வில் தேறிய 100 மி.மீ. மேக்ரோவுக்கு எந்த வானம் பொருந்தும்? ஏபிஎஸ்-சி அளவுச் சென்சரில் அது 13 பாகைக்கு 9 பாகை வானத்தைப் பிடிக்கும். அகலவாக்கில் முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் 26 வரை நிற்கும். நிலவை மட்டும் எடுக்க நினைப்பவருக்கு ஏமாற்றம்தான். சென்சரில் அது 1 மி.மீ.கூட வராது. ஆண்ட்ரோமெடா விண்மீன்திரள், கார்த்திகைக் கூட்டமும் அதைச் சுற்றிய தூசு மண்டலமும், ஓரியனின் இடுப்புப்பட்டையும் வாளும் ஒரே சட்டத்தில், தனுசு ராசியின் விண்முகில் வரிசை ஆகியவையே இந்த லென்ஸின் களம். எடுத்த படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற இலவச நிரலிடம் கொடுத்தால், விண்மீன்களை அடையாளம் கண்டு வானில் அது எந்த இடம் என்றும் ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்நொடி என்றும் சொல்லிவிடும். பெட்டியில் 100 என்று அச்சிட்ட லென்ஸின் உண்மைக் குவியத் தூரத்தை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சோதனை முடிவுகளை ஒரு தாளில் எழுதி லென்ஸோடு வைத்துக்கொள்வது வேலையைச் சுலபமாக்கும்: எந்தத் துளையில் மூலைகள் தெளிகின்றன, வளையத்தில் முடிவிலி உண்மையில் எங்கே இருக்கிறது, எந்த மூலை சற்று மந்தம், குளிரில் ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர்கிறது. மந்தமான மூலை படத்தின் அடிப்பக்கம் வரும்படி சட்டத்தை அமைத்தால் அதைப் பிறகு வெட்டிவிடலாம். எஃப்/4-ல் ஒரு நிமிடப் படங்கள் அறுபதைச் சேர்த்தால் ஒரு மணி நேர ஒளி கையில் இருக்கும். ஆண்ட்ரோமெடாவின் தூசுப் பட்டைகள் அதில் தெரியத் தொடங்கும். மூலை இருட்டைச் சரிசெய்யும் வெள்ளைப் படங்களை, கேமராவை லென்ஸிலிருந்து கழற்றாமல், ஃபோகஸையும் துளையையும் தொடாமல், விடிந்ததும் வெள்ளைத் துணியை லென்ஸின் முன் இழுத்துக் கட்டி வானத்து வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும்.